மயானத்துப் பணியும் இலக்கியக் கருணையும்: கோப்பாயை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழிலக்கிய விமரிசனம் சாதிப் பிரச்சினையைப் பேசத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. கோயில், கிணறு, தேநீர்க்கடை, பாடசாலை ஆகியன அவ்விமரிசனத்தில் மீண்டும் மீண்டும் இடம்பெற்ற களங்களாகும். சுடலை அவ்வாறு இடம்பெறவில்லை. யாழ்ப்பாணத்துச் சமூக அடுக்கமைவு முழுவதையும் ஒருங்கே கண்முன் நிறுத்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டெனில் அது மரணச் சடங்கே என்பதை மறுப்பார் இலர். அவ்வாறிருந்தும், இறந்தோரைப் பேணுபவரின் உழைப்பு எமது இலக்கியத்தில் எவ்வாறு காட்டப்பட்டுள்ளது என்ற வினா முறையாக எழுப்பப்படவில்லை. அவ்வினாவை எழுப்புவதற்குக் கோப்பாய் பொருத்தமான இடமாகும். இறந்தவரின் உடல் எங்கே கிடத்தப்பட வேண்டும், அதனை யார் தொட வேண்டும், எவர் வீட்டருகே அது எரிக்கப்படலாம் என்ற கேள்விகள் கடந்த சில தசாப்தங்களில் இப்பிரதேசத்திலே மிகக் கூர்மையாக எழுந்துள்ளன. அவற்றுக்கு இறுதியில் வருவோம்.

முதலில் தொழிலை நோக்குவோம். யாழ்ப்பாணத்துச் சைவ வேளாளர் வீடொன்றிலே நிகழ்ந்த மரணம் மரபு வழியாகப் பலருடைய உழைப்பை வேண்டி நின்றது. சலவைத் தொழிலாளர் வெள்ளை கட்டினர், நிலபாவாடை விரித்தனர். நாவிதர் கொள்ளி வைப்பவருக்குச் சவரஞ் செய்ததோடு சுடலை வரை உடனிருந்து கிரியைகளுக்கு உதவினர். பறை முழக்குவோர் இழவுச் செய்தியை ஊருக்கு அறிவித்தனர். கோவியர் பாடை சுமந்தனர். விறகு தறித்தவரும் அடுக்கியவரும் பெரும்பாலும் நிலமற்ற கூலி உழைப்பாளரே. சுண்ணம் இடித்தலும், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தலும், வாய்க்கரிசி இடுதலும் உறவினர்க்குரியன; உடலோடும் தீயோடும் நேரே பொருந்திய வேலைகளிற் பெரும்பகுதி குடிமைக்குரியது. 'குடிமை' என்ற இச்சொல் நிலவுடைமை உறவொன்றின் பெயர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. மறுக்க முடியாத வேலைக்கு இடப்பட்ட பெயர் அது.

இவ்வேலைகளுக்கு ஒரு திறன் உண்டு. அதனைச் சற்று விரித்துக் கூறுதல் அவசியம். ஏனெனில் எமது எழுத்தாளர் பலர் விரிக்காது விட்ட இடம் இதுவே. உயிர் பிரிந்து இரண்டு முதல் நான்கு மணி நேரத்துள் தசைகள் விறைக்கத் தொடங்குகின்றன. அதற்கு முன்னரே கண்ணிமைகள் மூடப்பட வேண்டும். தாடை துணியாற் கட்டப்பட வேண்டும். கைகள் ஒழுங்குசெய்யப்பட்டுக் கால்களின் பெருவிரல்கள் சேர்த்துப் பிணைக்கப்பட வேண்டும். நேரந் தாழ்த்தின் வாய் திறந்தபடியே இருக்கும். பிள்ளைகள் தாயின் முகத்தை அவ்வாறே கடைசியாகக் காண்பர். விறகு அடுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. காற்றுப் புகும் இடைவெளி வேண்டும். அதே நேரத்திற் சிதை சரியாதிருக்கவும் வேண்டும். வெப்பத்தினால் தசைநார்கள் சுருங்கும்போது உடல் அசையும். சில வேளைகளில் மேற்பகுதி எழவும் கூடும். மார்பின் மீதும் கால்களின் மீதும் பாரமான கட்டைகள் வைக்கப்படுவது இது கருதியே. எரிந்து முடியப் பல மணி நேரம் செல்லும். அதுவரையும் ஒருவர் கோலோடு நிற்க வேண்டும்.

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பாராது செல்ல வேண்டும் என்பது எமது வழக்கம். இதற்குச் சமய விளக்கங்கள் பல கூறப்படுவதுண்டு. அவை எவ்வாறாயினும், அவ்விதியின் சமூகப் பயன் தெளிவானது. தந்தையின் உடலைத் தீ என்ன செய்கிறது என்பதைக் காணும் துன்பத்திலிருந்து மகனை அது விடுவிக்கிறது. ஆனால் அவன் பாராது போவதற்கு வேறொருவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. பாராதிருக்கும் உரிமை ஒருவனுக்கு. பார்த்துக்கொண்டிருக்கும் கடமை இன்னொருவனுக்கு. இறந்தோரைப் பேணும் தொழிலிலே கருணை என்று ஒன்று உண்டெனில் அது இப்பங்கீட்டினுள்ளேயே தேடப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இப்பங்கீடு இயற்கையானதன்று என்பதற்கு வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. முஸ்லிம் மக்களிடையே மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கஞ் செய்தல் சமூகத்தின் கூட்டுக் கடமையாகும். சிலர் நிறைவேற்றினால் அனைவர்க்கும் நிறைவேறும், ஒருவரும் நிறைவேற்றாவிடின் அனைவரும் பொறுப்பாவர். உறவினரே உடலைக் கழுவுவர். 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்படும் வரை யாழ்ப்பாண நகரிலே இவ்வழக்கம் எமது கண்முன் நிகழ்ந்துகொண்டிருந்தது. இரு வழக்கங்களையும் ஒப்புநோக்கி எழுதிய தமிழ் எழுத்தாளர் எவரையேனும் நினைவுகூர்தல் கடினமாகவே உள்ளது.

பழந்தமிழ்ச் செய்யுட்களிலேயே இவ்விடயம் குறித்த இரட்டை நோக்கு காணப்படுகிறது. புறநானூற்றில் ஈமத்தாழி வனையும் குயவனை விளித்துப் பாடும் பாட்டுக்கள் உள. ஐயூர் முடவனார் சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது, இத்துணைப் பெரிய புகழுடையானைக் கவிக்கத்தக்க தாழியை எங்ஙனம் வனையப் போகிறாய் என்று குயவனைப் பரிவோடு வினவுகிறார். மற்றொரு பாட்டிலே கணவனை இழந்த பெண் தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி வேண்டுகிறாள். குயவன் இங்கே கலைஞன். துயரத்தைப் பகிர்ந்துகொள்ளத்தக்க மனிதன். அதே தொகைநூலில், சுடுகாட்டிலே இறந்தவனுக்குப் புல்லின்மேற் சோறு படைப்பவனைப் பற்றிய பாட்டு அவனைப் பிறப்பால் இழிந்தவன் எனச் சுட்டிச் செல்கிறது. தாழி வனைந்தவனின் கை உடலைத் தொடவில்லை. படைத்தவனின் கை உடலின் அண்மையில் இருந்தது. வீரயுகப் பாடல்களைப் பொதுவாகச் சமத்துவ நினைவின் சின்னங்களாகக் கொள்ளும் பழக்கம் எம்மவரிடையே உண்டு. இவ்வொரு சொல்லேனும் அப்பழக்கத்தைச் சற்றே தயங்கச் செய்யவேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கே மயானத்துப் பணியாளன் கதைத் தலைவனாகத் தோன்றிய ஒரே பெருவழக்கான கலைப்படைப்பு அரிச்சந்திர மயான காண்டமேயாகும். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924-1989) அரிச்சந்திரனாகத் தோன்றிய அவ்விசைநாடகம் குடாநாட்டின் ஊர்கள்தோறும், கோயில் வீதிகள்தோறும் எண்ணிறந்த தடவைகள் ஆடப்பட்டது. பார்த்தோர் மீளவும் பார்த்தனர், மீளவும் அழுதனர். கல்வி கற்றோர் சிலர் அதனை மலிந்த சோகம் என ஒதுக்கியதுண்டு. அது தவறான மதிப்பீடு. வைரமுத்துவின் கலை பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கு எமது அக்கறை அக்காட்சியின் அமைப்பைப் பற்றியது.

அரசன் அரிச்சந்திரன் சத்தியத்தின் பொருட்டு நாடிழந்து, மனைவியையும் மகனையும் விற்று, ஈற்றில் வீரவாகு என்னும் சுடலைத் தலைவனுக்கு அடிமையாகிச் சுடலை காக்கிறான். பாம்பு தீண்டி இறந்த மகனைச் சந்திரமதி தூக்கிவருகிறாள். காவலன் அவளை அறியான், கூலி கேட்கிறான். கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி என்ற மூன்றில் வாய்க்கரிசி தனக்குரியது, அதனை விட்டுக்கொடுப்பேன். ஏனையவை ஆண்டைக்குரியன, அவற்றை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமையில்லை என்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே புலப்படும் தாலியைக் கண்டு அவன் அவளை அறிந்துகொள்ளும் கட்டத்திலே கொட்டகை முழுவதும் அழும்.

இக்காட்சியை மீண்டும் நோக்குக. சுடலைத் தொழிலாளியின் கூலி எமது மேடையிலே வெளிப்படையாகப் பேசப்பட்ட அரிய சந்தர்ப்பம் இது. கூலி எவ்வளவு, அதில் எப்பங்கு உழைத்தவனுக்கு, எப்பங்கு உடைமையாளனுக்கு என்பன கணக்காகவே கூறப்படுகின்றன. உழைத்தவனுக்கு எஞ்சுவது பிணத்தின் வாயிலிட்ட அரிசி மட்டுமே! அரசியற் பொருளாதாரம் படித்தவர் எவரும் இதைவிடச் சுருக்கமாகச் சுரண்டலை விளக்கிவிட முடியாது. ஆனால் சபை அழுவது இப்பங்கீட்டைக் கேட்டன்று. கூலி கேட்பவன் அரசன் என்பதாலும், கேட்கப்படுபவள் அரசி என்பதாலுமே அது அழுகிறது. கூலி கேட்டல் இங்கே தொழிலாளியின் உரிமையாகாது, விதியின் கொடுமையாகிவிடுகிறது. அவன் வாய்க்கரிசியை விட்டுக்கொடுப்பது அரச குணம். சுடலையிலே பிறந்து சுடலையிலே உழைப்பவன் அதனை விட்டுக்கொடுத்தால் அவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. ஈற்றில் தேவர் தோன்றுகின்றனர்; மகன் எழுகிறான்; அரசன் அரியணைக்கு மீள்கிறான். மறுநாட் காலையிற் சுடலையில் யார் நிற்பார் என்பதைப் பற்றி நாடகத்துக்குக் கவலையில்லை.

அந்த மேடைக்கு வெளியே நிலைமை எவ்வாறிருந்தது? 1944இல் யாழ்ப்பாண நகரின் வில்லூன்றி மயானத்திலே ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தோர் தம்முள் இறந்த ஒருவரின் உடலை எரிக்க முற்பட்டபோது முதலி சின்னத்தம்பி என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறருடைய பிணங்களுக்கு உழைக்கலாம். தமது பிணத்தை அதே தரையில் எரிக்கலாகாது என்பதே அக்கொலையின் பொருள். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும், 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி ஊர்வலத்தோடு எழுந்த வெகுசனப் போராட்டமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்தவையும் இதன் பின்னர் வந்தவை. கோயில் வீதியிலே வைரமுத்துவின் அரிச்சந்திரனுக்காக அழுதவர்களுள் அதே கோயிலின் கதவை அடைத்துநின்றவர்களும் இருந்திருப்பர் என்று கொள்வதிலே தவறில்லை. இது அவர்களுடைய போலித்தனத்தை மட்டுமே காட்டுவதன்று. அழுகை மெய்யானதே. அழுகையைத் தொழிலாளியிடமிருந்து பிரித்து அரசனிடம் சேர்த்துவிடும் கலை வடிவமொன்று அவர்களுக்குக் கிடைத்திருந்தது.

தமிழகத்தின் நவீன இலக்கியத்தில் இவ்வடிவத்தை உடைக்க முற்பட்ட படைப்பு ஜெயகாந்தனின் 'நந்தவனத்தில் ஓர் ஆண்டி' (1958) என்னும் சிறுகதை. குழந்தைகளைப் புதைக்கும் இடுகாட்டிலே குழி வெட்டும் ஆண்டி அரசனல்லன், இறங்கிவந்தவனல்லன். பொருளறியாது சித்தர் பாட்டொன்றைப் பாடிக்கொண்டு உற்சாகமாகக் குழி வெட்டுகிறான். நெடுங்காலம் பிள்ளையற்றிருந்து பிறந்த அவனுடைய மகன் இருளன் இறக்கிறான். அதன்பின் இடுகாட்டுக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் அவன் அழுகிறான். தமிழ்ச் சிறுகதையிலே இது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. வெட்டியானைத் தத்துவத்தின் மையத்தில் நிறுத்த ஒரு துணிவு வேண்டும்.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. மகன் இறக்கும் வரை ஆண்டிக்கு உணர்வில்லை என்பதைக் கதை எடுகோளாகக் கொள்கிறது. பிறர் குழந்தைகளின் உடல்களை வாங்கிக் குழியில் வைத்த அத்தனை ஆண்டுகளும் அவன் ஒருவகை வெகுளி, பித்தன். தொழில் அவனை மரக்கச்செய்தது என்றல்லவா இதன் பொருள்? தொழிலின் உள்ளே நின்று நோக்குவார்க்கு இது ஏற்புடையதாகத் தோன்றாது. சிறு குழந்தையின் உடலைத் தாயின் கையிலிருந்து வாங்குவதற்கே ஒரு பழகிய மென்மை வேண்டும். பறித்தல் போலவும் ஆகாது. தயங்குதல் போலவும் ஆகாது. அம்மென்மை கண்ணீரல்ல, கண்ணீர் வந்தால் வேலை கெடும். ஜெயகாந்தன் அந்தக் கையைக் காட்டவில்லை. கண்ணீரைக் காட்டினார். கருணை கண்ணீராக வெளிப்பட்டாலன்றி அதனைக் கருணையென ஏற்காத நடுத்தர வர்க்க வாசகனுக்கு அதுவே விளங்கும் மொழி. (ஜெயகாந்தன் மீது எமக்குள்ள மதிப்பு இதனாற் குறைந்துவிடவில்லை. சிறந்த கதையிடமே இத்தகைய வினாவைக் கேட்க முடியும்.) இக்கதையின் சாயலைத் தாங்கியதாகப் பரவலாகக் கருதப்படும் 'பிதாமகன்' (2003) திரைப்படத்திலே இப்போக்கு அதன் எல்லைக்கே செல்கிறது. அங்கே மயானத்தில் வளர்ந்தவனுக்குப் பேச்சே இல்லை. விக்ரமின் நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது; பாத்திரத்துக்கு மொழி கிடைக்கவில்லை.

ஆக, எமது மரபு இத்தொழிலாளியை ஏற்பதற்கு இரு வேடங்களை வைத்திருக்கிறது: மாறுவேடத்து அரசன், அல்லது பித்துற்ற ஞானி. இது தமிழர்க்கே உரிய குறைபாடுமன்று. யோஜிரோ தகித்தா இயக்கி 2009இல் சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற 'ஒகுரிபிதோ' என்ற யப்பானியத் திரைப்படம் உடலைத் தூய்மை செய்து பெட்டியில் வைப்பவனின் தொழிலைப் பெருமதிப்போடு காட்டுகிறது. கைகளின் அசைவு, துணியின் மடிப்பு, உறவினர் முன் உடலின் மானத்தைக் காக்கும் நுட்பம் ஆகியவற்றை அது காட்டும் விதம் தமிழ்த் திரையிற் காணக்கிடைக்காதது. ஆயினும் அதன் நாயகன் வாத்தியக் குழு கலைக்கப்பட்டதால் வேலையிழந்த செலோ வாத்தியக் கலைஞன். தற்செயலாக இத்தொழிலுக்கு வருகிறான். மனைவி அசுத்தம் என விலகிச் சென்று பின் மனம் மாறுகிறாள். யப்பானில் மரணத்தோடு தொடர்புற்ற தொழில்களைத் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டுத் தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட புராக்குமின் மக்களின் வரலாறு படத்திலே பேசப்படவில்லை. அரிச்சந்திரன் முடியிழந்து வந்தான். இவன் வாத்தியமிழந்து வந்தான். இருவரும் மேலிருந்து இறங்கியவரே.

முற்போக்கு இலக்கியம் இவ்விடத்தில் என்ன செய்தது என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) தொடக்கம் வந்த நாவல்களும், டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' (1960) முதலிய தொகுதிகளும் குடிமை உறவின் கொடுமையைத் துணிந்து வெளிக்கொணர்ந்தன. அவை இல்லையேல் இக்கட்டுரையும் இல்லை. ஆனால் போராட்டத்தின் உடனடித் தேவை அவ்வெழுத்துக்களுக்கு ஓர் எல்லையையும் வகுத்தது. பறையடிக்க மறுத்தல், பிணஞ் சுமக்க மறுத்தல் ஆகியன விடுதலையின் குறிகளாயின. அது சரியே. கட்டாயமாகச் செய்விக்கப்படும் எத்தொழிலையும் மறுக்கும் உரிமையே முதலுரிமை. மறுத்த பின்னர் அத்தொழிலில் அடங்கியிருந்த அறிவு என்னவாகிறது என்ற இரண்டாம் கேள்வியை எழுப்ப அவர்களுக்கு அவகாசமிருக்கவில்லை. பறையைப் பொறுத்தவரை அக்கேள்வி பின்னர் எழுப்பப்பட்டது. பறை இன்று பல்கலைக்கழக அரங்குகளில் ஒலிக்கிறது. உடலைக் கழுவி, கட்டி, அடுக்கி, எரித்தவரின் அறிவுக்கு அந்த மீட்பும் நிகழவில்லை. மேடையேற்றத்தக்க அழகு அதிலில்லை போலும்.

இனிக் கோப்பாய்.

1991இல் தமிழீழ விடுதலைப் புலிகள் கோப்பாயில் மாவீரர் துயிலும் இல்லத்தை அமைத்தனர். சைவர்கள் பெரும்பான்மையினரான குடாநாட்டிலே, வளர்ந்தோரை எரித்தலே வழக்கமான சமூகத்திலே, இறந்த போராளிகளின் உடல்களைப் புதைக்கும் முறை நிலைபெறலாயிற்று. புதைத்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று; 1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழிகளும் அங்கு எலும்புக்கூட்டின் அருகே கிடைத்த முத்திரையும் அதற்குச் சான்று. எனினும் வாழும் வழக்கத்தில் அது பெரும் முறிவு. இத்தாலிய மானிடவியலாளர் கிறிஸ்தியானா நத்தாலி போன்றோர் இதனைத் தேசியக் கருத்துநிலையின் கட்டமைப்பாக ஆராய்ந்துள்ளனர். எமக்கு இங்கே முக்கியமானது வேறு. இறந்தவரின் சாதியும், புதைகுழி வெட்டியவரின் சாதியும் அவ்வேலியினுள் கேட்கப்படாதனவாயின. கல்லறைகள் ஒரே அளவின, ஒரே வரிசையின. வழமையாகச் சுடலைக்குச் செல்லாத பெண்கள் அங்கே சென்றனர். தாய் மகனின் கல்லறையைக் கழுவினாள், பூ வைத்தாள், விளக்கேற்றினாள். திரும்பிப் பாராதே என்ற விதி அங்கே தலைகீழானது. திரும்பத் திரும்ப வந்து பார்ப்பதே கடமையாயிற்று. புல் செதுக்குதல், சுண்ணமடித்தல், செடிக்கு நீரூற்றல் என இறந்தோரைப் பேணல் நாளாந்த உழைப்பாகவும் மதிப்புக்குரிய உழைப்பாகவும் மாறியது.

இதனை வெறுமனே புகழ்ந்துவிட்டு நகர்தல் விமரிசனத்துக்கு அழகன்று. அவ்விடத்தின் மொழியை நோக்குக. உடல் 'வித்துடல்', புதைத்தல் 'விதைத்தல்', உடல் கிடைக்காதோர்க்கு 'நடுகல்'. விதைப்பவன் உழவன். யாழ்ப்பாணத்தின் படிமுறையிலே உழவன் யார் என்பது தெரிந்ததே. குழி வெட்டுபவனை மதிப்பதற்கு அவனை உழவனாக்க வேண்டியிருந்தது. அரிச்சந்திர நாடகம் அவனை அரசனாக்கியது போல. அன்றியும், அம்மதிப்பு எல்லா உடல்களுக்கும் உரியதாக இருக்கவில்லை. 1986இல் சகோதர இயக்கத்தவர் கொல்லப்பட்டு அவர்களுடைய உடல்கள் தெருச் சந்திகளிலே எரிக்கப்பட்டன. துரோகி என்று பெயரிடப்பட்டோர்க்குக் கல்லறை இல்லை. அவர்களுக்காக வெளிப்படையாக அழவும் அனுமதி இருக்கவில்லை. சாதியை நீக்கிய வேலி வேறொரு பிரிப்பை ஏற்படுத்தியது. கருணையை யார் பங்கிடுகிறார் என்ற கேள்வி இங்கே அதிகாரம் பற்றிய கேள்வியாகிறது.

அடுத்து நிகழ்ந்தது இதனினும் கொடியது. 1995 இறுதியில் வலிகாமம் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததன் பின் துயிலும் இல்லம் தரைமட்டமாக்கப்பட்டது. 2002இன் யுத்தநிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து அது மீளக் கட்டப்பட்டது. போர் முடிந்த மறு ஆண்டான 2010இல் மீண்டும் அழிக்கப்பட்டு, அந்நிலத்திலே எழுப்பப்பட்ட இராணுவத்தின் 51ஆம் படைப்பிரிவுத் தலைமையகம் 2011 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்டது. அங்கே கிடத்தப்பட்டோரின் அரசியலை ஏற்பவரும் ஏற்காதவரும் ஒன்றை ஒப்புக்கொள்வர்: எதிரியின் உடலையும் மானத்தோடு விடவேண்டும் என்பது போரின் மிகப் பழைய நெறிகளுள் ஒன்று. பிள்ளையை எரித்த தாய்க்குக் கீரிமலையிற் கரைத்த சாம்பலோடு ஒரு முடிவேனும் உண்டு. புதைத்த தாய்க்கு இடமே முடிவு. அவ்விடமும் பறிக்கப்பட்டபோது, திரும்பிப் பார்க்கலாகாது என்ற பழைய விதி இம்முறை அரசின் ஆணையாக வந்தது.

இதே வலிகாமம் கிழக்குப் பிரதேசத்தின் புத்தூரிலே 2017இல் இன்னொரு பிரச்சினை வெடித்தது. கலைமதிக் கிராமத்து மக்கள் தமது குடிமனைகளின் நடுவே அமைந்த கிந்துசிட்டி மயானத்தில் உடல்கள் எரிக்கப்படுவதை எதிர்த்துத் தொடர் போராட்டத்தில் இறங்கினர். கைதுகளும் வழக்குகளும் நிகழ்ந்தன. அவர்கள் சாதியால் ஒடுக்கப்பட்ட, பெரும்பாலும் கூலி உழைப்பாளரான மக்கள். மயானம் பழையது, குடியிருப்புப் பின்னர் வந்தது என்று எதிர்த்தரப்பினர் வாதித்தனர். ஆனால் நிலமற்றோர் குடியிருக்கக் கிடைத்த நிலம் ஏன் எப்போதும் சுடலையை அண்டியதாகவே இருக்கிறது என்பதற்கு அவ்வாதத்தில் விடையில்லை. 1944இல் சுடலைக்குள் வராதே என்று சுடப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களுக்கு 2017இல் சுடலைப் புகையைச் சகித்துக்கொள்ளுமாறு கூறப்பட்டது. பார்த்துக்கொண்டு நிற்கும் கடமை கூலியும் இல்லாமல் அவர்களது முற்றத்துக்கே வந்துவிட்டது எனலாம். கோப்பாயின் துயிலும் இல்லம் பற்றி எத்தனையோ கவிதைகள் எழுந்தன. கிந்துசிட்டி அவ்வாறு கவிதைக்குரிய பொருளாகவில்லை. எமது கவிஞர்களின் இரக்கம் எத்திசை நோக்கிப் பாய்கிறது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

இதற்கிடையில் தொழிலும் மாறிவிட்டது. இன்று யாழ்ப்பாணத்திலே மரணம் நிகழ்ந்தால் மலர்ச்சாலைக்கே முதலில் தகவல் செல்கிறது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும் வரை உடலைப் பேண வேண்டியிருப்பதால் எம்பாம் செய்தல் வழக்கமாயிற்று. இரத்தநாளம் வழியாக ஃபோமலின் செலுத்தும் இம்முறை 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, தொலைவில் மடிந்த வீரர்களை வீடு கொண்டுசேர்க்கும் தேவையோடு பரவிய வழக்கத்தின் வளர்ச்சி. புலம்பெயர்வு அதே தேவையை இங்கே மறுதலையாக உருவாக்கியுள்ளது. அங்கே உடல் வீட்டாரை நோக்கிப் பயணஞ் செய்தது, இங்கே வீட்டார் உடலை நோக்கிப் பயணஞ் செய்கின்றனர். குடிமை உறவு கூலி உறவாக மாறியிருப்பது வரலாற்று நோக்கில் முன்னேற்றமே. விலை பேசலாம், மறுக்கலாம், வேறு தொழிலுக்குப் போகலாம். ஆனால் மலர்ச்சாலையின் பின்னறையில் அந்நியருடைய தாயின் தலைமயிரை வாரி, அவளுடைய பழைய நிழற்படத்தைப் பார்த்துப் பொட்டின் அளவைச் சரிசெய்யும் இளைஞன் தன் தொழிலை மணப்பெண் வீட்டாருக்கு எவ்வாறு கூறுவான் என்பது இன்னும் தீராத பிரச்சினை. சந்தை தீண்டாமையை முற்றாக ஒழித்துவிடவில்லை. அதற்கு ஒரு கதவும் பெயர்ப்பலகையும் கொடுத்துள்ளது.

அவ்விளைஞனைப் பற்றி எழுதப்படக்கூடிய நாவல் அரசனையும் பித்தனையும் விட்டுவிட்டுக் கைகளிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு எழுத்தாளனுக்குத் தரவு தேவை; தருவது ஆய்வாளன் கடமை. இத்தொழிலுக்குரிய சொற்களே இன்னும் தொகுக்கப்படவில்லை. 'வெட்டியான்' தமிழகத்துச் சொல். யாழ்ப்பாணப் பேச்சில் அது அரிது. இங்கே விறகடுக்கின் பகுதிகளுக்கும், கட்டும் முடிச்சுகளுக்கும், தீயின் நிலைகளுக்கும், காடாற்றுமுன் சாம்பலை ஒதுக்கும் முறைகளுக்கும் தொழிலாளர் தம்முள் வழங்கிய சொற்கள் முதியோர் சிலரிடம் மட்டுமே எஞ்சியுள்ளன. பிரதேச சபைகளின் மயானப் பதிவேடுகளும் பார்க்கப்பட வேண்டியவை. திருநெல்வேலி வளாகத்திலிருந்து கோப்பாய் சைக்கிளிற் போகக்கூடிய தூரமே.